பரு விட்டுப் போன பள்ளங்கள்: லேசரா, ஊசியா, ஆசிட்டா?



சென்ற ஆண்டு ஆடி மாதம், நம் பகுதிக் குழு ஒன்றின் கூட்டத்துக்கு ஒரு கடன் மனு வந்தது. தொகை 40,000 ரூபாய். காரணம் என்ற இடத்தில் ‘மருத்துவம்’ என்று மட்டும் எழுதியிருந்தது. பிரதிநிதி படித்துவிட்டு, “யாருக்குக்கா உடம்பு சரியில்ல?” என்று கேட்டார். அந்தச் சகோதரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “உடம்புக்கு ஒண்ணுமில்ல. பொண்ணு மூஞ்சிக்கு” என்றார்.

பெண்ணுக்கு 22 வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. பத்தாவது படிக்கும்போது வந்த பரு, போகும்போது இரண்டு கன்னத்திலும் குழி குழியாக விட்டுப் போய்விட்டது. 2020-ல் கொரோனாவுக்குப் போட்ட மாஸ்க்கை ஊரே கழற்றிய பிறகும் அந்தப் பெண் கழற்றவில்லை. ரயிலில், கம்பெனியில், கல்யாண வீட்டில்கூட மாஸ்க்தான். பெண் பார்க்க வந்த வீட்டார் ஒருவர், “சின்ன வயசுல அம்மை போட்டிருந்துச்சா?” என்று கேட்டுவிட்டார். அவர் தப்பாகக் கேட்கவில்லை என்றுதான் அம்மாவே சொல்கிறார். ஆனாலும் அன்று முதல் “இனிமே யார் முன்னாடியும் நான் வந்து நிக்க மாட்டேன்” என்று மகள் சொல்லிவிட்டாள்.

இதற்கிடையில் ஒரு ‘ஸ்கின் சென்டரில்’ எட்டு சிட்டிங் லேசர், முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டினால் 40,000, முகம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குத்தான் இந்த மனு.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. “பீஸ் கட்ட, கடை போட, ஆஸ்பத்திரிக்குன்னா கொடுக்கலாம். அழகுக்கா குழுப் பணம்?” என்றார்கள் சிலர். “அவ வீட்டுக்குள்ளயே முடங்கிக் கிடக்கிறாளே, அது வியாதி இல்லையா?” என்றார்கள் சிலர். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. கடைசியில் ஒரு மாதம் தள்ளிவைத்து, விசாரித்துச் சொல்லும் வேலையைக் கூட்டமைப்பின் சுகாதாரக் குழுவான எங்களிடம் விட்டார்கள். நாங்களும் அந்த அம்மாவையும் பெண்ணையும் அழைத்துக்கொண்டு ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனோம். அங்கே கேட்டதையும், பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. 40,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் வாங்கி, மாதம் 2,000 அசலாகக் கட்டினால் 20 மாதம் ஆகும். குறையும் அசலுக்கு வட்டி போட்டால் மொத்த வட்டி 4,200. ஆக 44,200 ரூபாய். இதுவே வெளியில் மீட்டர் வட்டி என்றால் சொல்லவே வேண்டாம். இவ்வளவு பணம் சரியான வைத்தியத்துக்குத்தான் போகிறதா என்பதுதான் கேள்வி.

கறை வேறு, குழி வேறு

டாக்டரம்மா முதலில் செய்தது ரொம்பச் சாதாரணமான காரியம். பெண்ணை ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லி, பக்கவாட்டு வெளிச்சத்தில் கன்னத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் தோலை லேசாக இழுத்துப் பார்த்தார். இதை நம் வீட்டிலேயே கண்ணாடி முன் செய்து பார்க்கலாம்.

பரு ஆறிய இடத்தில் தடவினால் சமமாக இருக்கிறது, நிறம் மட்டும் கருப்பாகவோ சிவப்பாகவோ இருக்கிறது என்றால் அது கறை. வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் பல மாதத்தில் தானாகவே மங்கும். அதற்கு லேசர் வைத்துப் பணத்தைக் கரைக்க வேண்டியதில்லை. பக்கத்து வெளிச்சத்தில் நிழல் விழுகிறது, தடவினால் பள்ளம் தெரிகிறது என்றால் அதுதான் குழி. பரு ஆழமாகப் பழுத்து வீங்கும்போது, தோலுக்கு அடியில் இருக்கும் கொலாஜன் என்ற தாங்கு நார் அழிந்துவிடுகிறது. உடம்பு அதை முழுசாகத் திரும்பக் கட்டுவதில்லை. சிமென்ட் போதாமல் பூசின சுவர் மாதிரி அந்த இடம் உள்வாங்கிவிடுகிறது. அது தானாக நிரம்பாது. மேலே தடவும் கஸ்தூரி மஞ்சள், கற்றாழை, எலுமிச்சை, வைட்டமின் மாத்திரையை உடைத்துப் பூசுவது எதுவும் அந்த ஆழத்துக்குப் போகாது. எலுமிச்சையும் பேஸ்ட்டும் தோலைப் பொசுக்கிப் புதுக் கறையை வேறு உண்டாக்கும்.

குழியிலும் மூன்று ஜாதி இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் தப்பும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒன்று, ஊசிக்குழி. கோணி ஊசியால் குத்தின மாதிரி வாய் சின்னதாக, அடி ஆழமாக இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் அதிகம். இரண்டாவது, பெட்டிக்குழி. பிசைந்த மாவில் சின்ன மூடியை அழுத்தி எடுத்த மாதிரி ஓரம் செங்குத்தாக, அடி தட்டையாக இருக்கும். மூன்றாவது, அலைக்குழி. இதற்கு ஓரமே தெரியாது, கன்னம் மேடும் பள்ளமுமாக அலை அலையாக இருக்கும். இலவம்பஞ்சு மெத்தையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நூல் போட்டு இழுத்துத் தைத்த இடம் உள்ளே போயிருக்கும் அல்லவா? அதே மாதிரி, தோலுக்கு அடியில் நார்க்கட்டுகள் உருவாகித் தோலைக் கீழே பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்.

ஒரே முகத்தில் மூன்றும் கலந்து இருப்பதுதான் வழக்கம். அதனால்தான் ‘எல்லாருக்கும் எட்டு சிட்டிங் லேசர்’ என்று ஒரே மருந்தைச் சொல்கிற இடத்தில் நாம் சந்தேகப்பட வேண்டும்.

எந்தக் குழிக்கு எது?

அலைக்குழிக்கு மேலே என்ன செய்தாலும், உள்ளே நூல் இழுத்துக்கொண்டே இருந்தால் மெத்தை எப்படி நிமிரும்? நூலை அறுக்க வேண்டும். அந்த வைத்தியத்துக்கு ‘சப்சிஷன்’ என்று பெயர். மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கு அடியில் ஒரு தனி ஊசியை நுழைத்து, அந்த நார்க்கட்டுகளை அறுத்து விடுகிறார்கள். அமெரிக்காவில் ஓரண்ட்ரைக் என்ற டாக்டர்கள் 1995-ல் எழுதி வெளியிட்ட முறை இது. பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை, தேர்ந்த கை வேண்டும். கன்னம் ஒன்றிரண்டு வாரம் வீங்கி, கன்றிப்போய் நீலமாக இருக்கும். “அடிச்சுட்டாங்களான்னு தெருவுல கேட்டாங்கக்கா” என்று நம் பெண் பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள். லீவு போட முடியுமா என்று முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசிக்குழிக்கு நிலைமையே வேறு. அது ஆழம் என்பதால் லேசரோ ரோலரோ அடிவரை எட்டுவதில்லை. அதற்கு டி.சி.ஏ. என்ற கடுமையான ஆசிட்டை, பல்குச்சி முனையளவு எடுத்து, குழியின் உள்ளே மட்டும் தொட்டு வைக்கிறார்கள். ‘கிராஸ்’ முறை என்று பெயர், 2002-ல் கொரியாவிலிருந்து வெளிவந்தது. வைத்த இடம் சில நொடியில் வெள்ளையாகும், பிறகு பொருக்குத் தட்டி ஏறக்குறைய ஒரு வாரத்தில் உதிரும். மாதத்துக்கு ஒரு முறை, பல முறை செய்ய வேண்டியிருக்கும். இதற்கும் மெஷின் செலவு இல்லை. ஆனால் கை கொஞ்சம் தவறினாலும் சுற்றுத் தோல் வெந்து, குழி பெரிதாகிவிடும் அல்லது வெள்ளைப் புள்ளி, கரும்புள்ளி நின்றுவிடும். இந்த ஆசிட்டை யாராவது ‘ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே வைக்கலாம்’ என்று சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மிக ஆழமான ஓரிரண்டு குழிகளை வட்டமாக வெட்டி எடுத்துத் தையல் போடுவதும் உண்டு.

ஆழம் குறைந்த பெட்டிக்குழிக்கும், மொத்தமாகத் தோல் கரடுமுரடாக இருப்பதற்கும்தான் ஊசி ரோலரும் லேசரும் போட்டிக்கு வருகின்றன. இங்கேதான் பணமும் அதிகம் விளையாடுகிறது.

ரோலர் என்பது நுண்ணூசி வைத்தியம். நுனியில் நிறைய மெல்லிய ஊசிகள் உள்ள உருளையையோ பேனா போன்ற கருவியையோ முகத்தில் ஓட்டுகிறார்கள். மரத்துப்போகும் கிரீமை முக்கால் மணி, ஒரு மணி நேரம் பூசி வைத்த பிறகுதான் செய்வார்கள். ஊசி ஒன்றரை முதல் இரண்டரை மில்லிமீட்டர்வரை இறங்கும். ஆயிரக்கணக்கான சின்னக் காயங்களை ஆற்றுவதற்காக உடம்பு புதுக் கொலாஜனைக் கட்டுகிறது. நிலத்தைக் கொத்திவிட்டால் மண் பொலபொலப்பாகிறதே, கிட்டத்தட்ட அப்படி. இரண்டு மூன்று நாள் முகம் சிவந்திருக்கும். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை, மூன்று முதல் ஆறு தடவை.

லேசரில் ‘பிராக்ஷனல்’ என்று ஒரு சொல் வரும். பழைய காலத்தில் லேசரும், தோலைத் தேய்த்து எடுக்கும் கருவியும் மேல்தோல் முழுவதையும் எடுத்துவிடும், ஆற வாரக்கணக்காகும், நம் மாதிரி நிறத் தோலில் திட்டுத் திட்டாகக் கறை விழும். 2004-ல் வந்த புதிய யோசனை என்னவென்றால், முழுத் தோலையும் சுடாமல் சல்லடை மாதிரி புள்ளி புள்ளியாகச் சுட்டு, நடுவில் நல்ல தோலை விட்டுவைப்பது. நல்ல தோல் பக்கத்தில் இருப்பதால் சீக்கிரம் ஆறுகிறது. கார்பன் டை ஆக்சைடு லேசர் இதில் பலமானது. ஐந்து முதல் ஏழு நாள் பொருக்கு இருக்கும்.

இரண்டில் எது மேல்? இதைத்தான் டாக்டரம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டோம். ஒரு கன்னத்தில் இது, மறு கன்னத்தில் அது என்றுகூடச் செய்து ஒப்பிட்ட ஆய்வுகள் இருக்கின்றன. சிலவற்றில் லேசர் கொஞ்சம் முந்துகிறது, சிலவற்றில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் ஒரு விஷயத்தில் ரோலர் நமக்குச் சாதகம். சூடு இல்லாததால், வைத்தியத்துக்குப் பிறகு முகம் கருத்துப்போகும் அபாயம் குறைவு. மாநிறம், கருநிறத் தோலில் இந்தக் கருமை லேசருக்குப் பின் அடிக்கடி வருவது, மங்கப் பல மாதம் எடுக்கும். குழிக்கு வைத்தியம் பார்க்கப் போய், கறைக்கு வைத்தியம் பார்க்க வேண்டியதாகிவிடும். லேசரே கூடாது என்பதில்லை. நம் தோலுக்கு ஏற்றபடி சக்தியைக் குறைத்து வைக்கத் தெரிந்த தோல் டாக்டர் கையில் அது நல்ல கருவிதான். ‘லேசர் என்றால் உசத்தி, ஊசி என்றால் மட்டம்’ என்ற எண்ணம்தான் தப்பு. அந்த எண்ணத்தில்தான் நம் சகோதரி 40,000 கட்டப் பார்த்தார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் பிரித்துப் போடும் பி.ஆர்.பி., ரோலரோடு சேர்ந்தால் கொஞ்சம் கூடுதல் பலன் தரலாம், தனியாகப் போட்டுப் பெரிய மாற்றம் எதிர்பார்க்க முடியாது. பில்லர் ஊசி பள்ளத்தை உடனே நிரப்பும், ஆனால் வழக்கமாகப் போடும் மருந்து மாதக்கணக்கில் கரைந்துவிடும், திரும்பப் போட வேண்டும். லேசான கெமிக்கல் பீல் கறைக்கு உதவும், குழிக்கு அதிகம் இல்லை. நுண்ணூசியோடு சூட்டலை சேர்த்துச் செய்யும் கருவியும் இப்போது வந்திருக்கிறது, விலை அதிகம்.

எதைச் செய்தாலும் குழி அடியோடு மறையும் என்று நேர்மையான டாக்டர் யாரும் சொல்ல மாட்டார். பாதி அளவு நிரம்பினாலே நல்ல பலன். அதுவும் உடனே தெரியாது. புதுக் கொலாஜன் கட்ட மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். முதல் சிட்டிங் முடிந்த மறுநாள் முகம் உப்பிக் குழி குறைந்த மாதிரி இருப்பது வெறும் வீக்கம். அதைப் போட்டோ எடுத்துக் காட்டி அடுத்த பணத்தைக் கேட்பார்கள், ஏமாறாதீர்கள்.

பருவும் கிரீமும்

நம் பெண்ணுக்கு அன்று எந்த ஊசியும் போடவில்லை. டாக்டரம்மா தாடையில் புதிதாக இருந்த நாலைந்து பருவைக் காட்டி, “அடுப்பு எரிஞ்சுட்டே இருக்கும்போது சாம்பலை அள்ளி என்னம்மா பிரயோஜனம்?” என்றார். புதுப் பரு வருவது நின்ற பிறகுதான் குழிக்கு வைத்தியம்.

பிறகு, “மூஞ்சிக்கு என்ன போடுற?” என்று கேட்டார். பெண் பையிலிருந்து ஒரு டியூபை எடுத்தாள். மெடிக்கல் ஷாப்பில் யாரோ சொல்லி வாங்கியது. மூன்று வருடமாகப் போடுகிறாள். போட்டால் முகம் வெளுத்துப் பளிச்சென்று இருக்கும், நிறுத்தினால் சிவந்து எரிந்து பரு கொட்டும். அதில் இருந்தது ஸ்டீராய்டு. அதுவே தோலை மெலிய வைத்து, பருவையும் கிளப்பிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி 14 ஸ்டீராய்டு மருந்துகள் சேர்ந்த கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018 மார்ச்சில் அறிவித்தது. இருந்தும் கேட்டால் கிடைக்கிறது. டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசோல், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் என்ற பெயர் இருக்கிறதா என்று பிள்ளைகளை விட்டுப் படித்துப் பாருங்கள். இருந்தால் நீங்களாகத் தொடராதீர்கள். ரொம்ப நாள் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தினாலும் முகம் கொந்தளிக்கும், டாக்டர் சொல்படி விடுங்கள். பெயரே போடாத ‘சிவப்பழகு’ கிரீம்கள் இதைவிட மோசம். 2023-ல் கேரளாவின் மலப்புரம் பகுதியில் அப்படிப்பட்ட கிரீம் போட்டவர்களுக்குப் பாதரசத்தால் சிறுநீரகமே கெட்டது செய்தியாக வந்தது.

கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் என்ற மாத்திரை கொடுப்பார்கள். நன்றாகக் கேட்கும். ஆனால் அதைச் சாப்பிடும்போதும், நிறுத்தி ஒரு மாதம்வரையும் கர்ப்பம் தரிக்கவே கூடாது, குழந்தைக்கு ஊனம் வரும். கல்யாணம் நிச்சயமான பெண்கள் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இந்த மாத்திரை நிறுத்தி ஆறு மாதம் கழித்துத்தான் ரோலர், லேசர் என்று முன்பு சொல்வார்கள். அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்று 2017-ல் நம் நாட்டுத் தோல் அறுவை மருத்துவர்கள் சங்கம் வழிகாட்டுதல் வெளியிட்டது. எப்படியிருந்தாலும் சாப்பிட்டதை மறைக்காதீர்கள். காது குத்தின இடத்தில் சதை வளர்ந்தவர்கள், உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருபவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

யாரிடம் போவது?

நம் கூட்டமைப்பிலேயே பியூட்டி பார்லர் நடத்தும் சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. திரெட்டிங், பேஷியல் அவர்கள் தொழில். ரத்தம் வரும் ஊசி, ஆசிட், லேசர் டாக்டர் தொழில். 2016-ல் சென்னையில் ஒரு முடி நடும் நிலையத்துக்குப் போன மருத்துவ மாணவரே உயிரிழந்தார், அந்த இடத்துக்கு சீல் வைத்தார்கள். போர்டைப் பார்த்து மயங்காமல், டாக்டர் பெயருக்குப் பின்னால் எம்.டி. (டி.வி.எல்.) அல்லது டி.டி.வி.எல். என்று தோல் படிப்பு இருக்கிறதா, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா, தமிழ்நாடு மருத்துவ நிலையங்கள் சட்டப்படி பதிவு செய்த சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். யார் கையால் செய்யப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். ரோலர் ஊசி ஒருவருக்கு ஒன்று, உங்கள் கண் முன் பிரிக்க வேண்டும். மாற்றிப் போட்டால் மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. வரை தொற்றலாம். அக்கா தங்கை ஒரே ரோலரை வீட்டில் உருட்டுவதும் கூடாது. பணத்தை ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தனித்தனியாகக் கட்டுங்கள்.

ஆவடி, அம்பத்தூரில் இருந்து ரயிலில் சென்ட்ரல் போனால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. பூந்தமல்லிக்காரர்களுக்கு நெடுஞ்சாலை பஸ்ஸிலேயே கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வடக்கே ஸ்டான்லி. மூன்றிலும் தோல் பிரிவு உண்டு. எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்பது இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் மாறும், காலையிலேயே போய் ஓ.பி.யில் கேளுங்கள். எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. கார்டு இருக்கும். பரு என்பது நோய்தான். டிஸ்பென்சரியில் காட்டி, தோல் டாக்டருக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். கார்டு அம்மா பெயரில் இருந்தாலும் கல்யாணமாகாத மகளுக்கு உரிமை உண்டு.

வைத்தியம் தொடங்கினால் வெயில்தான் முதல் எதிரி. சி.டி.எச். ரோட்டில் மத்தியான வெயிலில் ஸ்கூட்டியில் போகிறவர்கள் சன்ஸ்கிரீனைப் பொட்டு வைப்பது மாதிரி வைத்தால் பலன் இல்லை, இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம் கழுத்தெல்லாம் பூசி, சில மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டும். குடையும் துப்பட்டாவும் செலவில்லாத சன்ஸ்கிரீன்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னோம். 40,000 கடன் வேண்டாம், 9,000 போதும் என்று அந்தச் சகோதரியே மனுவை மாற்றி எழுதினார். மருந்து, சன்ஸ்கிரீன், லீவு நாள் சம்பளம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து. ‘அழகுக்கா கடன்’ என்று கேட்ட அக்காதான் தீர்மான நோட்டில் முதல் கையெழுத்துப் போட்டார்.

கிரீமை விட்டுப் பரு அடங்கவே ஐந்து மாதம் ஆனது. முதல் இரண்டு மாதம் முகம் இன்னும் மோசமாகி, வீட்டில் ஒரே சண்டை. பிறகு சப்சிஷன் இரண்டு தடவை, ரோலர் மூன்று தடவை, ஊசிக்குழிகளுக்கு ஆசிட். கன்னத்து அலை நன்றாகக் குறைந்திருக்கிறது. மூக்கோரத்து ஊசிக்குழிகள் அப்படியே சில நிற்கின்றன. கல்யாணம் இன்னும் அமையவில்லை. போன கூட்டத்துக்கு அம்மாவுக்குக் காய்ச்சல் என்று மகள்தான் சந்தா கட்ட வந்தாள், மாஸ்க் இல்லாமல். அப்படியே தீர்மான நோட்டையும் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

இந்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் பீரோ மேலும் கண்ணாடி முன்னாலும் இருக்கும் முகக் கிரீம் டியூபுகளையெல்லாம் எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றாகப் பெயர் படித்துப் பார்ப்போம். அரசு மருத்துவமனைக்குத் தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் அன்றே பெயர் கொடுத்தால், ஐந்தாறு பேராகச் சேர்ந்து ஒரு நாள் காலை ரயிலில் போகலாம்.